பேசாதவர்களின் குழு: வாசகர் கேள்வி – பதில்

இணையக் குழுக்களில் சீண்டுபவர்களைப் பற்றியும், அக்குழுக்களை ஒழுங்காக நடத்துவதைப் பற்றியும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். ஓர் ஊர்க் குழுவின் அட்மின்களுள் ஒருவனாகப் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையிலேயே இப்பதில்கள் அமைகின்றன. எழுதியவர்களின் பெயர்களை அவர்கள் கேட்டுக்கொண்டபடி விட்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பாடசாலைப் பழைய மாணவர் முகநூல் குழுவில் ஏறக்குறைய நான்காயிரம் பேர் இருக்கிறார்கள். யார் எதைப் பதிவிட்டாலும் ஒருவர் வந்து சீண்டிவிட்டுப் போகிறார். சென்ற மாதம் ஒரு மரண அறிவித்தலின் கீழும் கேலி எழுதினார். "கண்டுகொள்ளாதீர்கள், தானாக அடங்கிவிடுவார்" என்று மூத்தவர்கள் சொன்னார்கள். விட்டுப் பார்த்தோம், அடங்கவில்லை. என்ன செய்யலாம்?
— பழைய மாணவர், கல்முனை

பதில்: இப்படிச் சீண்டுபவர்களை ஆங்கிலத்தில் 'ட்ரோல்' என்பார்கள். அச்சொல்லுக்கு இணையத்தில் வழங்கும் பொருள் மீன்பிடித் தொழிலிலிருந்து வந்தது என்று விளக்கம் சொல்வார்கள். ஓடும் படகின் பின்னால் இரை கோத்த தூண்டிலை இழுத்துக்கொண்டு போய், எது கவ்வுகிறது என்று பார்க்கும் முறைக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். 1990களில் யூஸ்நெட் என்ற பழைய கலந்துரையாடல் வலையில், புதிதாக வந்தவர்களைச் சிக்கவைப்பதற்காகத் தெரிந்துகொண்டே அசட்டுக் கேள்வி போடுவதை இப்பெயரால் குறித்தார்கள். வாவிக்கரையில் வளர்ந்த நமக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. எந்த மீன் என்பது தூண்டில்காரருக்குப் பொருட்டல்ல, நூல் இழுபட்டால் போதும். 'இரை போடாதீர்கள்' என்று இணைய உலகம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் அறிவுரையும், உங்கள் மூத்தவர்கள் சொன்னதும் ஒன்றுதான்.

அந்த அறிவுரை இருவருக்கிடையே நடக்கும் உரையாடலுக்குப் பொருந்தும். நான்காயிரம் பேர் கூடிய இடத்தில் யாராவது ஒருவர் எப்படியும் கவ்வத்தான் செய்வார். அதைவிட முக்கியமானது, மரண வீட்டுக்காரர் அந்தக் கேலியைப் படித்துவிட்டு, அதன் கீழே நான்காயிரம் பேரின் மௌனத்தையும் பார்க்கிறார். அவர் கண்ணுக்கு அந்த மௌனம் சம்மதமாகவே தெரியும். ஆகவே பதில் எழுதாதீர்கள், ஆனால் எழுதப்பட்டதை உடனே நீக்குங்கள். இவை இரண்டும் வெவ்வேறு செயல்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அவர் உண்மையிலேயே ட்ரோல்தானா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட், கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பங்குபற்றியவர்களுள் ஒரு பகுதியினருக்கு முதலில் எளிய சோதனையையும் மற்றவர்களுக்குக் கடினமான சோதனையையும் கொடுத்து, பின்னர் ஒரு செய்தியின் கீழே கருத்து எழுதச் சொன்னார்கள். எளிய சோதனை செய்து, நல்ல கருத்துகளைப் படித்துவிட்டு எழுதியவர்களின் பதிவுகளில் சீண்டல் ஏறக்குறைய 35 வீதமாக இருந்தது. கடினமான சோதனையால் மனம் கெட்டு, ஏற்கெனவே இருந்த சீண்டல்களையும் படித்துவிட்டு எழுதியவர்களிடம் அது 68 வீதம் வரை உயர்ந்தது. சாதாரணமானவரையும் சூழல் சீண்டல்காரராக்கிவிடும் என்பது இதன் பொருள். முதலில் நிற்கும் கேலியை அகற்றாமல் விட்டால் அடுத்த பத்துக் கேலிகளுக்கு நாமே பாய் விரித்துக் கொடுக்கிறோம் என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

சீண்டும் அந்த நபருடன், அட்மின்களுள் அவரோடு படித்த ஒருவர் தனியாகத் தொலைபேசியில் பேசட்டும். குழுவில் வைத்து விசாரிக்க வேண்டாம், ஏனெனில் அது அவருக்கு மேடை கட்டிக் கொடுப்பதாக முடியும். மறுபடியும் எழுதினால், சில நாட்களுக்கு எழுதவிடாமல் நிறுத்திவைக்கும் வசதி முகநூலில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் தயங்காமல் நீக்கி, மீண்டும் சேர முடியாதபடி தடை செய்யுங்கள். மரண அறிவித்தல்களைப் பொறுத்தவரை, முதல் நாளுக்குப் பிறகு கருத்துப் பகுதியை மூடிவிடுவது துக்கத்தில் இருப்பவர்களுக்கு நாம் செய்யக்கூடிய சிறிய மரியாதையாகும்.

கேள்வி: எங்கள் ஊர்க் குழுவில் ஒருவரை நீக்கினால் "கருத்துச் சுதந்திரத்தை மிதிக்கிறீர்கள்" என்கிறார்கள். நீக்கப்பட்டவர் எந்தக் குடி (தாய்வழிக் குலம்), நீக்கியவர் எந்தக் குடி என்ற பேச்சும் வந்துவிடுகிறது. விமர்சனமும் வேண்டும், வசையும் வேண்டாம் என்றால் எல்லையை எங்கே வைப்பது?
— ஆசிரியை, களுவாஞ்சிகுடி

பதில்: நமது மண்ணில் வசைக்கும் ஒரு காலத்தில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். கண்ணகி வழிபாட்டோடு வந்த கொம்புமுறி விளையாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து நின்று, ஒரு சேரியார் மற்றச் சேரியாரை இகழ்ந்து பாடுவார்கள். அதற்கென்று ஒரு பருவமும், களமும், முன்னின்று நடத்தும் பெரியவர்களும் இருந்தார்கள், கொம்பு முறிந்ததும் விளையாட்டு முடிந்துவிடும். இணையத்தில் நடக்கும் வசைக்குக் களமும் இல்லை, முடிவும் இல்லை, எதிரே நிற்பவரின் முகமும் தெரிவதில்லை. முகம் தெரியாதபோதும், உடனடியாக எதிர்வினை வராதபோதும் மனிதர்கள் தங்கள் அடக்கத்தை இழக்கிறார்கள் என்பதை உளவியலாளர் ஜோன் சுலர் 2004இலேயே விரிவாக எழுதியிருக்கிறார்.

எல்லையை எங்கே வைப்பது என்பதற்கு நான் நடைமுறையில் கண்ட அளவுகோல் ஒன்று உண்டு. ஒருவர் செய்த வேலையை, எடுத்த முடிவை, செலவழித்த பணத்தைப் பற்றிக் கேட்பது எவ்வளவு காரமாக இருந்தாலும் நிற்க வேண்டும். அவருடைய பிறப்பு, உடல், குடும்பம், சமயம் ஆகியவற்றின் மீது போனால் அது நீக்கப்பட வேண்டும். "கோயில் கட்டடக் கணக்கை ஏன் இன்னும் காட்டவில்லை?" என்ற கேள்வி நிர்வாகிகளுக்கு எவ்வளவு கசந்தாலும் குழுவில் இருக்க வேண்டிய கேள்வியே. "உன்னுடைய குடியே இப்படித்தான்" என்பது அப்படிப்பட்டதல்ல. இதை முன்கூட்டியே எழுதி, குழுவின் முகப்பில் நிலையாக வையுங்கள். ரெடிட் என்ற கலந்துரையாடல் தளத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இருந்த அறிவியல் குழுவொன்றில் நேதன் மத்தாயஸ் என்ற ஆய்வாளர் செய்த பரிசோதனை 2019இல் வெளியானது. உரையாடலின் உச்சியில் விதிகளைக் காட்டியபோது, புதியவர்கள் விதிப்படி நடந்த அளவு எட்டு வீதப் புள்ளிகளுக்கு மேல் உயர்ந்தது. விதிகளைக் கண்டு பயந்து புதியவர்கள் ஒதுங்கவில்லை, எழுத முன்வந்தவர்களின் எண்ணிக்கையும் கூடியது. பேசத் துணியாமல் இருந்தவர்களுக்கு அந்த விதிகள் ஒரு பாதுகாப்பாகத் தெரிந்திருக்க வேண்டும் என்றே நான் புரிந்துகொள்கிறேன். குழுவின் பெரும்பகுதி அவர்கள்தான்.

குடிப் பேச்சுக்கு வருவோம். நமது கோயில்களில் நிர்வாகிகளான வண்ணக்கர்மாரைக் குடிக்கு ஒருவராகத் தெரிவுசெய்யும் வழக்கமும், பள்ளிவாசல்களில் நிர்வாகிகளான மரைக்காயர்மாரை அவ்வாறே தெரிவுசெய்யும் வழக்கமும் ஏன் வந்தன என்று எண்ணிப் பாருங்கள். தீர்ப்பு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருகிறது என்ற எண்ணம் எழாமல் இருப்பதற்காகவே அந்த ஏற்பாடு. உங்கள் குழுவிலும் வெவ்வேறு பக்கங்களைச் சேர்ந்த மூவரோ ஐவரோ அட்மின்களாக இருக்கட்டும், அவர்களுள் பெண்கள் இருவராவது இருக்கட்டும். ஒருவரை நிரந்தரமாக நீக்குவதற்கு இருவருடைய சம்மதம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரை, எந்தத் திகதியில், எந்த வசனத்துக்காக நீக்கினீர்கள் என்பதை ஒரு சாதாரண கொப்பியில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒருவர் வந்து கேட்கும்போது அந்தக் கொப்பிதான் உங்களுக்காகப் பேசும்.

இன்னும் ஒரு விதியை நான் அனுபவத்தில் கற்றேன். என்னுடைய ஒரு முடிவைக் கண்டித்து இளைஞர் ஒருவர் எழுதியதை, கோபத்தில் நானே நீக்கினேன். மறுநாள் படித்தபோது அதில் வசை ஒன்றும் இருக்கவில்லை, எனக்குப் பிடிக்காத உண்மை மட்டுமே இருந்தது. மன்னிப்புக் கேட்டு மீண்டும் சேர்த்தேன். ஆனாலும் அவர் அதன்பின் எங்கள் குழுவில் ஒரு வரிகூட எழுதவில்லை. தன்னைப் பற்றிய பதிவில் எந்த அட்மினும் கை வைக்கக்கூடாது, அதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற விதி அன்று உண்டானது.

கேள்வி: எங்கள் வட்டையில் (வயல்வெளியில்) தமிழரும் முஸ்லிம்களுமாக வேளாண்மை செய்கிறோம். தண்ணீர் திறக்கும் நேரம், உரம், வெட்டு மெசின் பற்றிப் பேசுவதற்காக வட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு, பக்கத்து ஊரில் கலவரம் என்றும், எல்லோரும் சந்திக்கு வரவேண்டும் என்றும் ஒரு குரல்பதிவு வந்தது. விடிந்தபின் அது பொய் என்று தெரிந்தது. அந்த இரவில் நான் என்ன செய்திருக்க வேண்டும்?
— குழு அட்மின், அக்கரைப்பற்று

பதில்: இக்கேள்வியை எழுதியதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனெனில் இதன் விடை நமது மாவட்டத்தின் காயம் ஒன்றோடு சம்பந்தப்பட்டது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் சாப்பிட்டவர்கள் கறியில் ஏதோ கட்டியாகக் கிடந்ததைக் கண்டு, அது ஆண்களை மலடாக்கும் மருந்து என்று கூச்சலிட்டார்கள். சூழ்ந்து நின்ற கூட்டத்தின் நடுவே, சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரர் குழம்பிப்போய் ஆம் என்ற பொருள்படப் பதில் சொன்னது ஒளிப்பதிவு செய்யப்பட்டு முகநூலில் பரவியது. அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அப்படியொரு மாத்திரை உலகிலேயே இல்லை. அரச பகுப்பாய்வுத் திணைக்களம் பரிசோதித்தபோது அது மாவுப்பொருள் என்று தெரியவந்தது. ஆனால் அந்த முடிவு வருவதற்கு முன்பே கண்டி மாவட்டத்தின் திகனயும் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் பற்றி எரிந்துகொண்டிருந்தது. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது, மறுநாள் முகநூலும் வட்ஸ்அப்பும் நாடு முழுவதும் முடக்கப்பட்டன. அந்த வன்முறையில் தனது தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிந்தி வந்த அந்த வருத்தத்தைவிட, அந்த முதல் இரவில் ஒவ்வொரு குழுவிலும் விழித்திருந்த ஓர் அட்மின் அதிகம் செய்திருக்க முடியும் என்று நான் நம்புகிறேன்.

நீங்கள் செய்திருக்க வேண்டியது இதுதான். முதலில், அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று குழுவின் அமைப்பை மாற்றிவிடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. அடுத்து அந்தக் குரல்பதிவை எல்லோருக்குமாக நீக்குங்கள், மற்றவர் அனுப்பியதையும் அவ்வாறு நீக்கும் அதிகாரம் 2022இலிருந்து வட்ஸ்அப் அட்மின்களுக்கு இருக்கிறது. அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. பெயர் சொல்லப்பட்ட ஊரில் உங்களுக்குத் தெரிந்த இருவரை, ஒரு தமிழரையும் ஒரு முஸ்லிமையும், தொலைபேசியில் எழுப்பிக் கேளுங்கள். அவர்கள் தங்கள் கண்ணால் கண்டதை மட்டும் கேளுங்கள், கேள்விப்பட்டதை விட்டுவிடுங்கள். பிறகு இரண்டு சமூகத்தாரும் மதிக்கும் ஒருவர், வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையாராகவும் இருக்கலாம், குழுவில் ஒரேயொரு செய்தி போடட்டும். அதில் வதந்தியை மறுபடி எடுத்துச் சொல்லாமல், இப்போது அந்த ஊரில் என்ன நிலை என்பதையும், யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம் என்பதையும் மட்டும் சொல்ல வேண்டும். அழித்துவிட்டு மௌனமாக இருந்தால் போதாது, ஏனெனில் அதே பதிவு அவர்களுக்கு வேறு நான்கு குழுக்களிலிருந்தும் வந்திருக்கும்.

இரட்டை அம்புக்குறியோடு, பலமுறை பகிரப்பட்டது என்ற குறிப்புடன் வரும் செய்தி, அனுப்பியவருடைய சொந்தச் செய்தியல்ல என்பதை உங்கள் குழுவினருக்கு அமைதியான ஒரு நாளில் சொல்லி வையுங்கள். குரல்பதிவில் திகதி இருப்பதில்லை. எந்த ஆண்டிலோ எந்த ஊரிலோ பேசியது இன்றிரவு நமது ஊரில் பேசியதுபோலக் கேட்கும்.

அந்தப் பதிவை அனுப்பியவர் பெரும்பாலும் விஷமியாக இருக்க மாட்டார் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். பிள்ளைகள் வெளியே போயிருக்கும் நேரத்தில் பயந்துபோன ஒரு தகப்பன், மற்றவர்களும் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று அனுப்பியிருக்கலாம். நமது மாவட்டங்களில் பழைய நினைவுகள் இல்லாத வீடு ஒன்று கிடையாது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத்தாக்குதலுக்குப் பிறகு அந்தப் பயம் இன்னும் ஆழமானது. அவரைத் தனியாக அழைத்து, "அண்ணன், அடுத்த முறை எனக்கு மட்டும் அனுப்புங்கள், நான் விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். வெளிப்படையாக அவமானப்படுத்தினால் அவர் நீங்கள் இல்லாத குழு ஒன்றுக்குப் போய்விடுவார், அங்கே அவரைத் தடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

மாறாக, ஒருவர் தெரிந்துகொண்டே மீண்டும் மீண்டும் தாக்குதலுக்கு ஆள் திரட்டினால் பொலிஸாரிடம் போக வேண்டியதுதான். இன, மத வெறுப்பைத் தூண்டி வன்முறைக்கு வழிவகுப்பது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச்) சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி குற்றமாகும். எனினும் அதே சட்டத்தின் கீழ் 2019இல் சிங்கள எழுத்தாளர் ஒருவர் தனது சிறுகதைக்காகக் கைதாகிச் சிறையில் இருந்தார் என்பதையும் மறக்க வேண்டாம். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பற்றியும் அது எழுதுபவர்கள் மீதே பாயலாம் என்ற அச்சத்தைப் பத்திரிகையாளர்களும் சட்டத்தரணிகளும் தெரிவித்தார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் சட்டத்தை நாடுங்கள், மனம் நொந்ததற்காக நாடாதீர்கள்.

கேள்வி: எனது தங்கச்சிக்கு 17 வயது. அவளுடைய முகத்தை வேறொரு படத்தில் ஒட்டி, போலிக் கணக்கு ஒன்றிலிருந்து ஊர்க் குழுக்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வாப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார் என்று அழுகிறாள்.
— ஒரு ராத்தா, ஏறாவூர்

பதில்: முதலில் உங்கள் தங்கச்சியிடம் போய், "நீ ஒரு பிழையும் செய்யவில்லை" என்று சொல்லுங்கள். இன்றே சொல்லுங்கள், மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களின் படங்களுக்காக 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் உங்கள் தொலைபேசியை விட்டு வெளியே போவதில்லை. அந்தப் படத்துக்குரிய ஓர் எண்வடிவக் கைரேகை மட்டும் உருவாக்கப்பட்டு, முகநூல், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்ற பங்குபற்றும் தளங்களுக்குப் போகிறது, பெயரும் கேட்பதில்லை. அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி மறைகுறியாக்கப்பட்ட வட்ஸ்அப் செய்திகளை அது எட்டாது என்பதால், குழு அட்மின்களுக்கு நீங்கள் நேரடியாக எழுத வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு செய்யுங்கள். போலிக் கணக்கின் பெயர், இணைப்பு, தொலைபேசி இலக்கம், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். சான்றுக்காக என்று அந்தப் படத்தை எவருக்கும் அனுப்ப வேண்டாம்.

இதைப் படிக்கும் அட்மின்களுக்கும் ஒரு வார்த்தை. சிறுவர் ஒருவரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவின்படி குற்றமாகும். "யார் இந்தப் பிள்ளை?" என்று குழுவில் கேட்பவர்களும் அந்தக் கொடுமையைத் தொடர்பவர்களே. படம் வந்த நிமிடத்தில் நீக்குங்கள், அனுப்பிய கணக்கை வெளியேற்றுங்கள், எல்லோரையும் தங்கள் தொலைபேசியிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள், பிள்ளையின் பெயர் எவர் வாயிலிருந்தும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாப்பாவிடம் சொல்லும் பொறுப்பைத் தங்கச்சியிடம் விட வேண்டாம். உம்மாவிடமோ, பிள்ளையின் மீது அன்புள்ள மாமா ஒருவரிடமோ நீங்களே முதலில் பேசி, அவர்களையும் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். பிள்ளை தொடர்ந்து படிக்க வேண்டும் என்பதை அவர்கள் அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். வயது வந்த பெண்களுக்கு இப்படி நேர்ந்தால் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கமும், 'ஸ்டொப் என்.சி.ஐ.ஐ.' என்ற இதேபோன்ற சேவையும் உண்டு.

கேள்வி: கெட்ட சொற்களைத் தானாகவே தடுக்கும் வசதி தமிழுக்கு வேலை செய்யுமா?
— இளைஞர், திருக்கோவில்

பதில்: ஓரளவுக்குத்தான். முகநூல் குழுவில் நீங்கள் கொடுக்கும் சொற்பட்டியலை அது பார்க்கும். ஆனால் நம்மவர்கள் ஒரே வசைச்சொல்லைத் தமிழ் எழுத்தில் ஒருமாதிரியும், ஆங்கில எழுத்தில் பத்து மாதிரியும், நடுவே புள்ளி வைத்தும் எழுதுகிறார்கள். பட்டியலில் எல்லா வடிவங்களையும் சேருங்கள், வேற்றுமை உருபு சேரும்போது சொல் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆயினும் மிக மோசமான வசைகளில் கெட்ட சொல் ஒன்றுகூட இருப்பதில்லை. ஊர்ப் பேச்சுத் தெரிந்த மனிதர் ஒருவர் படித்தால்தான் அது புரியும்.

கேள்வி: ஆறு வருடமாக அட்மினாக இருக்கிறேன். இரவில் நித்திரையில்லை, வீட்டிலும் சண்டை. விட்டுவிடலாம் என்றால், நான் போனால் குழு நாறிவிடும் என்கிறார்கள்.
— இரு பிள்ளைகளின் தாய், செங்கலடி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒருவர் நித்திரை இழந்தால்தான் குழு நிற்கும் என்றால், அந்தக் குழுவின் அமைப்பில் பிழை இருக்கிறது, உங்களில் இல்லை. வயல் காவலுக்குக்கூட இரவு முழுவதும் ஒரே ஆளைப் பரணில் ஏற்றுவதில்லை, முறை வைத்துத்தான் ஏறுகிறார்கள்.

இந்த வாரம் குழுவில் ஓர் அறிவித்தல் போடுங்கள். இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு மணி வரை அட்மின்கள் மட்டுமே எழுதலாம் என்றும், அவசரமான மரணச் செய்தி, இரத்தம் தேவை போன்றவற்றுக்கு எந்த இலக்கத்தை அழைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கட்டும். அந்த இலக்கம் உங்களுடையதாக இருக்கக்கூடாது. அடுத்து, ஆறு வருடமாக நல்லபடியாக எழுதிவரும் நால்வரையும், அதிகம் எழுதாமல் படித்துக்கொண்டிருக்கும் இருவரையும் தனியாக அழைத்து, கிழமைக்கு ஒரு நாள் பொறுப்பெடுக்கச் சொல்லுங்கள். படித்துக்கொண்டு மட்டும் இருப்பவர்களை நான் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எவரோடும் சண்டை பிடிக்காதவர்கள் என்பதால் எல்லோரும் அவர்கள் சொல்லைக் கேட்பார்கள். எங்கள் குழுவில் மூன்று வருடம் ஒரு வரிகூட எழுதாத, ஓய்வுபெற்ற தபாலதிபர் அம்மா ஒருவர் இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பொறுப்பாக இருக்கிறார். அன்றைக்கு மட்டும் எவரும் வாலாட்டுவதில்லை.

அறிவித்தலைப் போட்ட அன்றிரவே தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுங்கள். விடிந்ததும் முதலில் உங்கள் பிள்ளைகளோடு தேநீர் குடியுங்கள், குழுவைப் பிறகு திறக்கலாம்.